கண்ணைச் சோதித்த காலமும் பக்கத்தைச் சோதிக்கும் காலமும்

இணையத்தளம் ஒன்று வெளியிடப்படுவதற்கு முன்னர் பல சோதனைகளுக்கு உட்படுத்தப்படுகின்றது. எழுத்துரு சரியாகத் தெரிகின்றதா, இணைப்புகள் உரிய பக்கத்துக்குச் செல்கின்றனவா, கைத்தொலைபேசியின் சிறிய திரையில் பக்கம் குலையாது நிற்கின்றதா என்றெல்லாம் பார்க்கின்றார்கள். நிறத்தை மாத்திரம் பெரும்பாலானோர் தமது கண்ணாலேயே பார்த்துத் திருப்தியடைந்து விடுகின்றனர். தமக்குச் சிவப்பாகத் தெரிவது எல்லோருக்கும் சிவப்பாகவே தெரியும் என்பது அவர்களின் நம்பிக்கை.

அந்த நம்பிக்கை பிழையானது என்பதை உலகம் அறிந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றது. அறிந்த பின்னரும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்தது என்ன? நிறங்களை வேறாகக் காணும் மனிதனைத் தேடிக் கண்டுபிடித்து, அவனைத் தொழிலிலிருந்து விலக்கினார்கள். அவன் பார்க்க வேண்டிய பொருளைத் திருத்தலாமே என்ற எண்ணம் மிகப் பிந்தியே வந்தது. அந்த எண்ணம் எப்படி வந்தது, எவ்வளவு தூரம் நிறைவேறியது என்பதையே இங்கு சொல்ல முற்படுகின்றேன்.

தாற்றன் கண்ட பூ

நம் நாட்டு இரசாயனப் பாடநூல்கள் 'தாற்றன்' என்று எழுதிய ஜோன் டோல்டனை அணுக்கொள்கை படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1766 இல் இங்கிலாந்தின் வடக்கே கம்பர்லாந்தில் பிறந்து, மன்செஸ்டர் நகரில் ஆசிரியராக வாழ்ந்தவர். 1792 இல் ஒரு நாள் அவர் ஜெரேனியம் பூவொன்றை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்தார். பகலில் நீலமாகத் தெரிந்த அதே பூ இரவில் சிவப்பாகத் தெரிந்தது. ஏனையோருக்கும் அப்படித்தான் இருக்கும் என எண்ணி நண்பர்களிடம் கேட்டார். அவர்கள் எவருக்கும் பெரிய மாற்றம் தெரியவில்லை. அவருடைய சகோதரருக்கு மாத்திரம் அவருக்குத் தெரிந்தது போலவே தெரிந்தது.

அப்போது அவருக்கு வயது 26. அதுவரை தமது பார்வை மற்றவர்களின் பார்வையிலிருந்து வேறுபட்டது என்பதை அவர் தெளிவாக உணர்ந்திருக்கவில்லை. விஞ்ஞானியாக வாழ்ந்த ஒருவருக்கே நிலைமை இதுவென்றால் சாதாரண மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1794 ஒக்டோபர் 31 ஆம் திகதி மன்செஸ்டர் இலக்கிய தத்துவக் கழகத்தில் இதனை அவர் கட்டுரையாக வாசித்தார். நிறப்பார்வைக் குறை பற்றிய முறையான விஞ்ஞான விவரணம் அதிலிருந்தே தொடங்குகின்றது எனலாம். பிரெஞ்சு, ஸ்பானியம் முதலான மொழிகளில் இக்குறைக்கு இன்றும் 'டோல்டனிசம்' என்றே பெயர்.

தமது கண்ணினுள் இருக்கும் திரவம் நீலச்சாயம் கொண்டிருக்க வேண்டும் என்பது டோல்டனின் ஊகம். தாம் இறந்த பின்னர் கண்ணைத் திறந்து பார்க்குமாறு அவர் கூறிச் சென்றார். 1844 இல் அவர் காலமானதும் ஜோசப் ரான்சம் என்ற வைத்தியர் அவ்வாறே செய்தார். திரவத்தில் எந்தச் சாயமும் இருக்கவில்லை. ஆயினும் கண்ணின் எஞ்சிய பகுதிகளை மன்செஸ்டரில் பாதுகாத்து வைத்தனர். அவர் இறந்து ஒன்றரை நூற்றாண்டு கழிந்து, 1995 இல், அவற்றிலிருந்து மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. பச்சை ஒளிக்குக் கூடுதலாக உணர்வு காட்டும் கூம்புக் கலங்களுக்கான மரபணு அவரிடம் இருக்கவில்லை என்பது அப்போது உறுதியாயிற்று.

விழித்திரையில் மூவகைக் கூம்புக் கலங்கள் உள்ளன. நீண்ட, இடைத்தர, குறுகிய அலைநீள ஒளிகளுக்கு அவை வெவ்வேறு அளவில் உணர்வு காட்டுகின்றன. இம்மூன்றையும் ஒப்பிட்டே மூளை நிறத்தை அறிகின்றது. ஒன்று இல்லாவிடினும் அல்லது மாறியிருப்பினும் சில நிறங்களுக்கிடையேயான வேறுபாடு மறைந்து போகும். முதல் இரு வகைகளுக்குரிய மரபணுக்கள் எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால், ஒரேயொரு எக்ஸ் நிறமூர்த்தமே உள்ள ஆண்களிடம் இக்குறை கூடுதலாகக் காணப்படுகின்றது. வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவர், பெண்களில் ஏறத்தாழ 200 பேருக்கு ஒருவர் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. ஆசிய மக்களிடையே விகிதம் சற்றுக் குறைவு.

நம் உயிரியல் நூல்கள் இதனை 'நிறக்குருடு' என்று அழைத்தன. அச்சொல் பொருத்தமானதன்று. இவர்களிற் பெரும்பாலானோர் நீலத்தையும் மஞ்சளையும் நன்றாகவே காண்கின்றனர். சிவப்பு, செம்மஞ்சள், பச்சை, மண்ணிறம் ஆகியனவே ஒன்றோடொன்று கலந்து மயங்குகின்றன. ஒரு வகையினருக்குச் சிவப்பு மங்கி இருண்டு தோன்றும். கறுப்புப் பின்னணியில் சிவப்பெழுத்து அவர்களுக்குப் பெருஞ்சிரமம்.

புகையிரதமும் கம்பளி நூலும்

நிறம் அழகுக்குரியதாக இருந்தவரை இக்குறை யாரையும் வருத்தவில்லை. நிறம் கட்டளையாக மாறியபோதுதான் சிக்கல் தோன்றியது. சிவப்பென்றால் நில், பச்சையென்றால் செல் என்று புகையிரதப் பாதைகளிலும் கப்பல்களிலும் விளக்குகள் பேசத் தொடங்கின. 1855 இல் எடின்பரோ பேராசிரியர் ஜோர்ஜ் வில்சன் நிறக்குறை பற்றி எழுதிய நூலில், நிறச் சமிக்ஞைகளை மாத்திரம் நம்புவது ஆபத்தானது என எச்சரித்தார். அவரது எச்சரிக்கை உடனடியாகப் பரவலான பலனளிக்கவில்லை.

1875 நவம்பரில் சுவீடன் நாட்டின் லாகர்லுண்டா என்னுமிடத்தில் இரு கடுகதிப் புகையிரதங்கள் இரவில் நேருக்கு நேர் மோதின. ஒன்பது பேர் உயிரிழந்தனர். உப்சாலா பல்கலைக்கழக உடற்றொழிலியல் பேராசிரியர் பிரித்தியோப் ஹோம்கிரென், சாரதியோ உதவியாளரோ விளக்கின் நிறத்தைப் பிழையாகக் கண்டிருக்கலாம் எனக் கருதினார். அடுத்த ஆண்டு உப்சாலா - யாவ்லே பாதையில் பணிபுரிந்த 266 பேரை அவர் சோதித்தபோது 13 பேரிடம் குறை இருந்தது.

அவரது சோதனை மிக எளிமையானது. பல நிறக் கம்பளி நூற்கட்டுகளை மேசையிற் குவித்து, ஒன்றை எடுத்து வைத்து, அதனை ஒத்த நிறங்களைப் பொறுக்குமாறு கேட்பார். நிறத்தின் பெயரைக் கேட்கமாட்டார். இலை பச்சை, இரத்தம் சிவப்பு என்று நிறக்குறை உள்ளவர்களும் சிறுவயதிலேயே பழகியிருப்பார்கள் ஆதலால், பெயரைக் கேட்டால் உண்மை வெளிவராது.

லாகர்லுண்டா விபத்துக்கு நிறக்குறைதான் காரணம் என்பதற்குப் போதிய சான்றில்லை என்று 2012 இல் வெளியான ஆய்வொன்று கூறுகின்றது. ஹோம்கிரெனின் விளக்கம் உண்மையோ இல்லையோ, அதன் விளைவு பெரிது. சுவீடனில் புகையிரத ஊழியர்க்கு நிறச்சோதனை கட்டாயமாயிற்று. ஏனைய நாடுகளும் பின்பற்றின. குறையுள்ளவன் இயந்திரத்தை ஓட்டக்கூடாது, கப்பலின் மேற்றளத்தில் காவல் நிற்கக்கூடாது என்ற விதிகள் பிறந்தன. அவ்விதிகள் உயிர்களைக் காத்தன என்பதை மறுப்பதற்கில்லை. பாதுகாப்பை முன்னிட்டு இன்றும் சில தொழில்களில் அவை தேவையாகவே உள்ளன. அதே வேளையில் குறை மனிதனிடமே உள்ளது, விளக்கில் அன்று என்ற எண்ணமும் அவற்றோடு சேர்ந்தே ஊன்றிப் போயிற்று.

யப்பானின் வண்ணப் புள்ளிகள்

நிறப்புள்ளிகளுக்கிடையே இலக்கம் மறைந்திருக்கும் வட்டத்தை நம்மிற் பலர் கண் வைத்தியரிடம் பார்த்திருப்போம். யப்பானியக் கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா இராணுவத்துக்கு ஆட்சேர்க்கும் தேவைக்காக அதனை உருவாக்கினார். வெளிநாட்டவர்க்குரிய பதிப்பு 1917 இல் வந்தது. அவரது 38 தட்டுகள் உலகமெங்கும் பரவின. மொழி தேவையில்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பன அதன் சிறப்புகள்.

யப்பானில் இச்சோதனை பாடசாலைக்குள்ளும் நுழைந்தது. மாணவர்கள் அனைவரும் சோதிக்கப்பட்டார்கள். இரயிலோட்டுவதற்குத் தடை என்றால் காரணம் புரியும். பல்கலைக்கழகத் துறைகளும் தொழில்களும் கூட, உண்மையான தேவை உண்டா என்று ஆராயாமலேயே இத்தகையோருக்குக் கதவைச் சாத்தின. பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் நிறச்சோதனை கட்டாயம் என்ற விதி 2003 இல்தான் அங்கு நீக்கப்பட்டது.

அதே யப்பானிலிருந்தே மறுதிசையிலான குரலும் எழுந்தது. மசடக்கா ஒகாபே, கெய் இட்டோ ஆகிய உயிரியல் ஆய்வாளர் இருவரும் தாமே நிறக்குறை உடையவர்கள். நுணுக்குக்காட்டிப் படங்களில் சிவப்பையும் பச்சையையும் சேர்த்துக் காட்டும் வழக்கத்தால் சக ஆய்வாளரின் முடிவுகளையே தம்மால் வாசிக்க முடியாதிருப்பதை அவர்கள் அறிந்திருந்தனர். எல்லோராலும் பிரித்தறியக்கூடிய எட்டு நிறங்களைத் தெரிந்தெடுத்து 2002 இல் வெளியிட்டார்கள். இன்று விஞ்ஞான வரைபுகளில் உலகெங்கும் அந்த நிறத்தொகுதி கையாளப்படுகின்றது. எல்லோருக்கும் பொதுவான நிற வடிவமைப்பை வலியுறுத்தும் அமைப்பொன்றும் 2004 இல் அங்கு உருவாயிற்று. நூறாண்டுகளாகச் சோதிக்கப்பட்டவர்களின் தரப்பு, இப்போது அச்சிட்ட பக்கத்தைச் சோதிக்கத் தொடங்கியது.

திரையில் வந்த வர்ணம்

கறுப்பு வெள்ளைக் காலத்துப் பத்திரிகைகளில் தேர்தல் வரைபடம் போடுவதென்றால் ஒரு கட்சிக்குச் சாய்கோடு, மற்றதற்குப் புள்ளி, இன்னொன்றுக்குக் கட்டம் என வேறுபடுத்துவார்கள். மை ஒன்றே என்பதால் வேறு வழியில்லை. அந்த வறுமை வாசகனுக்கு நன்மையாக இருந்தது. வர்ண அச்சு வந்ததும் கோடும் புள்ளியும் போயின. ஓரத்தில் சிறு சிறு நிறச்சதுரங்கள் வந்தன. பின்னர் கணினித் திரை வந்தது. ஒரு கோடியே 67 இலட்சத்துக்கு மேற்பட்ட நிறங்களை எந்தச் செலவுமின்றித் தீட்டலாம் என்றானது. செலவில்லாத பொருளை யார்தான் அளவோடு பயன்படுத்துவார்கள்?

1990களின் முற்பகுதியில் பரவிய மொசெய்க் உலாவியில் இணைப்புச் சொற்கள் நீல நிறத்திலும் அடிக்கோட்டுடனும் காணப்பட்டன. நிறம் தெரியாவிடினும் கோடு தெரியும். பின்னர் வந்த வடிவமைப்பாளர்கள் அழகு கருதி அடிக்கோட்டை நீக்கினர். படிவத்தில் பிழையாக நிரப்பிய பகுதி சிவப்பு ஓரத்தால் மாத்திரம் காட்டப்பட்டது. ஆசனப் பதிவில் கிடைக்கக்கூடியது பச்சை, நிரம்பியது சிவப்பு என்றாயிற்று. புகையிரதச் சமிக்ஞையின் அதே இரு நிறங்கள் அதே சிக்கலோடு திரைக்குக் குடிபெயர்ந்தன.

இம்முறை மறுமொழி வேறாக இருந்தது. ரிம் பேர்னர்ஸ்-லீ தலைமையிலான உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, 1997 இல் அணுகல் வசதிக்கென ஒரு முயற்சியை ஆரம்பித்தது. 1999 மே 5 ஆம் திகதி அதன் முதலாவது வழிகாட்டி வெளியானது. நிறத்தை மாத்திரம் நம்பித் தகவலைத் தராதே என்பது அதன் இரண்டாவது கட்டளை. வில்சன் 1855 இல் புகையிரதத்துக்குச் சொன்னதைத்தான் வலைக்கு அது சொன்னது. அமெரிக்கக் கூட்டரசு நிறுவனங்களின் இணையத்தளங்களுக்கு 2001 ஜூனில் நடைமுறைக்கு வந்த விதிகளிலும் இதே நிபந்தனை இடம்பெற்றது.

பார்வையின்மை தொடர்பான ஒரு வழக்கையும் இங்கு குறிப்பிட வேண்டும். சிட்னி ஒலிம்பிக் இணையத்தளத்தைத் தம்மால் வாசிக்க முடியவில்லை என்று புரூஸ் மகுவயர் என்ற பார்வையற்றவர் 1999 இல் முறைப்பாடு செய்தார். படங்களுக்கு மாற்றுச் சொற்கள் இடப்பட்டிருக்கவில்லை. 2000 ஆகஸ்டில் அவுஸ்திரேலிய மனித உரிமைகள் ஆணைக்குழு அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பின்னர் 20,000 அவுஸ்திரேலிய டொலர் நட்டஈடும் விதிக்கப்பட்டது. குறை வாசகனிடத்தில் இல்லை, பக்கத்திலேயே உள்ளது என்று தெளிவாகச் சொன்ன தொடக்ககாலத் தீர்ப்புகளில் அது ஒன்று.

மற்றவர் கண்ணால் பார்ப்பது எப்படி?

கட்டளை இட்டாயிற்று. ஆனால் சாதாரண பார்வையுள்ள வடிவமைப்பாளர், தமது பக்கம் நிறக்குறை உள்ளவருக்கு எப்படித் தெரியும் என்பதை எவ்வாறு அறிவார்? இதற்கு உதவியவர்கள் மிக அரிதான ஒரு சிலர். ஒரு கண்ணில் மாத்திரம் நிறக்குறை உடைய அவர்களால், இரு கண்களும் காண்பதை ஒப்பிட்டுச் சொல்ல முடிந்தது. அவர்கள் கூறியவற்றையும் கூம்புக் கலங்களின் அளவீடுகளையும் அடிப்படையாக வைத்து, பிரெட்டல், வியெனோ, மொலன் ஆகிய மூவரும் 1997 இல் கணினிக்கான கணக்கொன்றை வெளியிட்டனர். ஒரு படத்தைக் கொடுத்தால், இருவகைக் கூம்புகளே உள்ளவர் அதனைக் காணுமாறு மாற்றித் தரும் கணக்கு அது.

2000ஆம் ஆண்டளவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பொப் டோகேர்ட்டி, அலெக்ஸ் வேட் இருவரும் 'விஸ்செக்' என்ற இலவசக் கருவியை வலையில் வைத்தார்கள். மயங்கும் நிறங்களைப் பிரித்துக் காட்டுமாறு படத்தைத் திருத்தும் முறையொன்றையும் உருவாக்கி, அதற்கு 'டோல்டனைஸ்' எனப் பெயரிட்டனர். சில ஆண்டுகளில் நிலவரைபட வல்லுநர்கள் 'கலர் ஒராக்கிள்' என்ற செயலியை வழங்கினர். 2008 இல் போட்டோஷொப் மென்பொருளிலும், 2020 இல் குரோம் உலாவியின் உட்கருவிகளிலும் இவ்வசதி சேர்ந்தது. இன்று இச்சோதனைக்குத் தேவையானது ஓரிரு நிமிட நேரமே. பணம் எதுவும் வேண்டியதில்லை.

2008 டிசம்பரில் வெளியான இரண்டாவது வழிகாட்டி இன்னொரு படி முன்சென்றது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு விகிதம் ஆகக்குறைந்தது 4.5க்கு 1 ஆக இருக்க வேண்டும் என்றது. பெரிய எழுத்துக்கு 3க்கு 1 போதும். இந்த 4.5 என்பது வெறுமனே தெரிந்தெடுத்த எண்ணன்று. நல்ல பார்வையுள்ளவர்க்கு 3 போதுமெனக் கொண்டு, ஏறத்தாழ 80 வயதில் வழமையாகக் காணப்படும் பார்வைக் குறைவுக்காக அதனை ஒன்றரை மடங்காக்கினார்கள். ஆகவே, இந்த எண் நிறக்குறை உள்ளவருக்கு மாத்திரம் உரியதன்று. நாளைய நம் எல்லோருக்கும் உரியது.

வெள்ளையில் கறுப்பெழுத்து 21க்கு 1 என்ற உச்ச விகிதத்தைத் தருகின்றது. வெள்ளையில் தூய நீலம் 8.6. வெள்ளையில் தூய சிவப்பு ஏறத்தாழ 4 மாத்திரமே என்பதால் சிறிய எழுத்துக்கு அது தேறாது. முக்கியமான அறிவித்தலென்று சிவப்பில் எழுதுபவர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். தூய பச்சையின் விகிதம் 1.4க்கும் குறைவு. மஞ்சளோ 1.1ஐயும் எட்டாது.

இன்றைய நிலை

இவ்வளவு கருவிகள் இருந்தும் பயன் எவ்வளவு? வெப்எய்ம் என்ற அமெரிக்க நிறுவனம் ஆண்டுதோறும் பத்து இலட்சம் இணையத்தளங்களின் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கின்றது. 2019 இல் அவற்றில் 85.3 சதவீதத்தில் போதிய ஒளிர்வு வேறுபாடற்ற எழுத்துகள் இருந்தன. 2024 இல் அது 81 சதவீதம். ஐந்து ஆண்டுகளில் குறைந்தது நான்கு சதவீதம் மாத்திரமே. வெளிர்சாம்பல் எழுத்து நாகரிகமெனக் கருதப்படும் வரை இது பெரிதாக மாறப்போவதில்லை.

திரைக்கு வெளியேயும் நிலைமை அதுதான். 2018 உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தின் தொடக்க ஆட்டத்தில் ரஷ்யா சிவப்புச் சீருடையிலும் சவூதி அரேபியா பச்சைச் சீருடையிலும் களமிறங்கின. உலகம் முழுவதும் பார்த்த அந்த ஆட்டத்தில் இலட்சக்கணக்கானோருக்கு இரு அணிகளையும் பிரித்தறிவதே கடினமாயிற்று. எதிர்ப்புக் குரல்களும் எழுந்தன.

நிறக்குறை உள்ளவரே பெரிய தளமொன்றின் அதிபராக அமைந்த சந்தர்ப்பமும் உண்டு. பேஸ்புக்கின் மார்க் சக்கர்பேர்க்குக்குச் சிவப்பு - பச்சை நிறக்குறை உள்ளது என்பது 2010 இல் வெளியான ஒரு சஞ்சிகைக் கட்டுரை வழியாகப் பரவலாகத் தெரியவந்தது. தமக்கு மிகத் தெளிவாகத் தெரிவது நீலமே என்றார் அவர். அத்தளம் நீலமாக அமைந்தது இதனாற்றான். எல்லாத் தளங்களுக்கும் அத்தகைய அதிபர் வாய்க்க மாட்டார்.

ஆட்டத்தையும் சமூக வலைத்தளத்தையும் விட்டு, உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றுக்கு வருவோம். இலங்கையில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று மட்டங்களில் விடுக்கின்றது. சிவப்பென்றால் வெளியேற வேண்டும். நிறக்குறை உள்ள ஒருவருக்கு இம்மூன்றும் ஒரே நிறத்தின் கடும் சாயலும் வெளிர் சாயலுமாகவே தெரியக்கூடும். மட்டத்தின் இலக்கமும் செய்ய வேண்டிய காரியமும் நிறத்துடன் சேர்த்துச் சொல்லப்படும்போது சிக்கலில்லை. அந்த எச்சரிக்கையை ஊடகங்கள் எடுத்துத் தம் பக்கத்தில் வெறும் நிறத்திட்டுகள் கொண்ட வரைபடமாக மாற்றும்போதுதான் இலக்கமும் சொல்லும் உதிர்ந்து போகின்றன. மலைச்சரிவில் வசிக்கும் ஒருவருக்கு அந்த உதிர்வு சிறிய விடயமன்று. பத்திரிகைத் தொழிலில் உள்ளோர் கவனிக்க வேண்டிய இடம் இது.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. பக்கத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுப் பார்த்தால் பாதிக் குறைகள் தெரிந்துவிடும். நிறத்தோடு ஒரு சொல்லோ இலக்கமோ அடையாளமோ சேர்ந்திருக்க வேண்டும். எழுத்தின் ஒளிர்வு விகிதத்தை அளக்க வேண்டும். உலாவியிலுள்ள கருவியால் ஒருமுறை பார்க்க வேண்டும். கருவியாலும் எல்லாம் முடியாது. எழுத்தின் விகிதத்தை அது கணக்கிட்டுச் சொல்லும். ஆனால் அந்தச் சிவப்பு அங்கே எதைச் சொல்ல வைக்கப்பட்டது, நிறத்தை எடுத்துவிட்டால் பொருள் எஞ்சுமா என்பதை மனிதனே தீர்மானிக்க வேண்டும். நிறக்குறை உள்ள ஒருவர் அலுவலகத்தில் இருந்தால் அவரிடம் பக்கத்தைக் காட்டிக் கேட்பது எல்லாவற்றிலும் நல்லது. முன்பு வேலை கொடுக்கலாமா என்று அறிவதற்காக அவரது கண்ணைச் சோதித்தார்கள். இப்போது நமது பக்கத்தைச் சோதிப்பதற்கு அவரது கண் நமக்குத் தேவைப்படுகின்றது.